உச்சிவெயிலில் குறைத்த கரண்ட்

குருபரப்பள்ளி பக்கத்து சோலார் பண்ணையில் பேனல் கழுவும் சாந்தம்மா, யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பிவிட மாட்டாள். நம்பி ஏமாந்தது ஓசூர் பக்கம் மூக்கண்டப்பள்ளியில். அங்கே ஒரு கம்பெனியில் ஒயர் கட்டும் லைனில் நின்றுகொண்டிருந்தாள். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, "மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வாங்க" என்றார். அடுத்த வாரம் போனபோது மெஷின் நின்ற இடத்தில் தரையில் போல்ட் ஓட்டைகள்தான் மிச்சம். மெஷின்களை லாரியில் ஏற்றி வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார் வாட்ச்மேன்.

ஊருக்குத் திரும்பியவளுக்கு, முன்பு கூலிக்குத் தக்காளி பறித்த காட்டிலேயே இந்த வேலை கிடைத்தது. தக்காளிச் செடி நின்ற இடமெல்லாம் இப்போது பேனல்.

பங்குனியில் ஒரு நடுப்பகல். குடிதண்ணீர் பிடிக்க கண்ட்ரோல் ரூமுக்குள் போனவள் திரையைப் பார்த்தாள். எவ்வளவு கரண்ட் வெளியே போகிறது என்று காட்டும் பச்சைக் கோடு அதில் ஓடியது. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. கோடு மட்டும் பாதிக்குக் கீழே கிடந்தது.

"என்னா சார், வெயில் மண்டையப் பொளக்குது, கரண்டு இவ்ளோதானா?"

இன்ஜினீயர் ஹரீஷ்குமார் தலை நிமிரவில்லை. "கொறைச்சு வெச்சிருக்கோம்க்கா. மேலருந்து சொல்லிட்டாங்க."

அந்த 'மேலருந்து' அவளுக்கு மூக்கண்டப்பள்ளியை ஞாபகப்படுத்தியது. மறுநாளும் உச்சிவெயிலில் கோடு சரிந்தது. பண்ணையின் பின்பக்கம் யாரோ வந்து டேப் பிடித்து அளந்தார்கள். கேட்டால், "புதுசா ஒண்ணு வருது" என்று மழுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் கரண்ட் போய்விட்டது. புருஷன் கங்கப்பன் துண்டால் விசிறிக்கொண்டே, "உங்க கம்பெனி கரண்டெல்லாம் எங்கதான் போவுது?" என்று கிண்டலடித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "கம்பெனிய மூடப் போறாங்கோ. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துறாங்கோ. நான் இத ஒருதடவ பாத்துட்டேன்."

சந்தேகத்தைத் தன்னுடன் வேலை செய்யும் பெண்களிடமும் சொன்னாள். பாதிப்பேர் நம்பினார்கள். பாப்பம்மா மட்டும், "வாய வெச்சுகினு சும்மா இரு. இருக்கற வேலையும் பூடும்" என்றாள். ஆனால் ஒரு காலையில் நீளமான டிரெய்லர் கேட்டுக்கு வந்து நின்றபோது, வழியை மறித்துக் குறுக்கே உட்கார்ந்த சாந்தம்மாவுக்குப் பக்கத்தில் முதலில் வந்து உட்கார்ந்தது பாப்பம்மாதான்.

டிரைவர் கன்னடத்தில் கத்தினான். எதை ஏற்றிக்கொண்டு போக வந்தாய் என்று இவளும் கன்னடத்திலேயே கேட்டாள். ஏற்ற வரவில்லை, இறக்க வந்திருக்கிறேன் என்று அவன் பின்னால் கை காட்டினான். தார்ப்பாய்க்குள் ஒரு வெள்ளைப் பெட்டி. ஓர் அறை அளவு இருக்கும்.

ஹரீஷ்குமார் ஓடி வந்தான். "பேட்டரிக்கா அது! மத்தியானம் நாடு பூரா சோலார் கரண்ட் ஒரே நேரத்துல கொட்டுது. வாங்க ஆளில்ல. லைன் தாங்காதுன்னு கொறைக்கச் சொல்றாங்க. சாயங்காலம் எல்லாரும் சுவிட்சப் போடறப்ப சூரியன் இல்ல. மத்தியானக் கரண்ட இதுல பிடிச்சு வெச்சு அப்பக் குடுக்கணும்."

"கரண்டு மிச்சமாவுதா? எங்க ஊருல சாயங்காலமானா இருட்டு."

"அதுக்குத்தான்க்கா இது."

அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பொய் சொல்வதாகத் தெரியவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"சரி சார். கம்பெனிய மூடல. எங்கள வெச்சுக்குவீங்களா?"

அவன் கண் டிரெய்லரின் கடைசிப் பக்கம் போய்த் திரும்பியது. அங்கே தனியாகக் கட்டியிருந்த நீள மரப்பெட்டிகளை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

"அது என்னா?"

"பேனல் துடைக்கிற மெஷின்" என்றான் மெல்ல. "தண்ணியே வேணாம். தானா ஓடும்."

பாப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் பயந்தது பொய்யில்லை, தப்பான பெட்டியைப் பார்த்துப் பயந்துவிட்டோம் என்று சாந்தம்மாவுக்குத் தோன்றியது.

வெயில் ஏறும்வரை பெண்கள் யாரும் கேட்டைவிட்டு நகரவில்லை. கடைசியில் கம்பெனி மேனேஜர் ஓசூரிலிருந்து காரில் வந்து பேசினார். பேட்டரி நிறுத்தும் யார்டுக்கு ஆள் வேண்டும், பயிற்சி கொடுத்து இவர்களிலேயே சிலரை எடுத்துக்கொள்கிறோம் என்றார். எல்லாரும் கேட்க, அதை மறுபடியும் ஒருதடவை அவர் வாயால் சொல்லவைத்த பிறகுதான் சாந்தம்மா வழிவிட்டாள்.

ஆடியில் மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. மூன்று பேருக்கு யார்டில் வேலை கிடைத்தது. சாந்தம்மா அதில் ஒருத்தி. பேட்டரிப் பெட்டிகளைச் சுற்றிப் புல் முளைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீட்டரில் சூடு ஏறினால் உடனே போன் பண்ண வேண்டும். பாப்பம்மாவுக்குக் கிடைக்கவில்லை. ரோஜாத் தோட்டத்தில் பூ கட்டப் போகிறாள். கொஞ்ச நாள் சாந்தம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அவளாகவே கேட்டாள்: "அந்த மீட்டரப் பாக்கறதுக்கும் ஒரு மெஷின் வராதாடி?"

அதை ஹரீஷ்குமாரிடம் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. இப்போதைக்கு இல்லை என்று சிரித்தான். அந்தச் சிரிப்பும் சாந்தம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"கேட்டுகினேதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பாப்பம்மாவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.