மோப்பக்காரியின் ரத்தம்

டப்பாவைத் திறந்ததும் முதலில் உள்ளே போவது மூக்குதான். கரண்டி அப்புறம். தையல் கூடத்தில் மத்தியான மணி அடித்து எல்லோரும் வாய் நிறையச் சோறும் வம்புமாக இருக்கையில், காலர் தைக்கும் அவள் மட்டும் தன் கையால் சமைத்ததையே சந்தேகப்பட்டு முகர்ந்துகொண்டிருப்பாள். ‘மோப்பக்காரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்குக் கோபமில்லை. “நாய்ன்னு சொல்லாம விட்டீங்களே, புண்ணியவதிங்க!” என்பாள்.

வேர்க்கடலை அவளுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே வாயில் பட்டால் போதும், முகம் வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிடும். கல்யாணத்துக்கு முன்பே ஒளிக்காமல் சொன்னாள். டயர்க்கடை வைத்திருக்கும் அவள் கணவர் சிரித்தார். “எல்லாம் மனப்பிரமை. தெரியாம குடுத்தா ஒண்ணும் ஆகாது” என்பது அவர் கட்சி.

சளி பிடித்து மூக்கடைத்துக் கிடந்த ஒரு நாள், அதிசயமாக அவரே சூப் வைத்துக் கொடுத்தார். மனுஷனுக்கு இவ்வளவு கரிசனமா என்று மனம் குளிர்ந்து பாதிக் கிண்ணம் குடித்துவிட்டாள். தொண்டை இறுகியது. கண் இருண்டது. சுவரைப் பிடித்தபடி சரிந்தவளிடம் அவர் சொன்னார்: “நடிக்காத. பாத்துக்கிட்டுதானே இருக்கேன்.” உதடு நீலமான பிறகுதான் வண்டிச் சாவியைத் தேடினார்.

எப்படியோ பிழைத்தாள். ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

“அது அடிபட்டா ரத்தத்த நிறுத்தறதுதானே, டாக்டர்?”

“ஆமாம்மா. ஆனா இந்த மாதிரி பெரிய அலர்ஜில அதுங்களும் வெறி புடிச்ச மாதிரி உள்ள இருக்கற ரசாயனத்தக் கொட்டிடுது. ரத்தக் குழாயெல்லாம் கசிஞ்சு பிரஷர் விழறதுல அதுங்களுக்கும் பங்கு இருக்கு. எவ்வளவுன்னு இன்னும் ஆராய்ஞ்சுகிட்டுதான் இருக்காங்க.”

அவள் கூரையையே பார்த்தாள். “காப்பாத்த வேண்டியதே கவுத்திருச்சா? பரவால்ல டாக்டர், பழகிப்போச்சு.”

கணவர் தலை குனிந்தார். “ஒரு சிட்டிகைக் கடலைப் பொடிதான் போட்டேன். உன் பயம் தெளியட்டும்னுதான்...”

“செத்திருந்தா நம்பியிருப்பீங்க.”

அம்மா வீட்டுக்குப் போய் நின்றாள். “அவர் என்ன வெஷமா வெச்சாரு?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனவே இன்றும் அதே வீடுதான். அடுப்பு மட்டும் வேறு வேறு.

போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது, துணைக்குக் கணவரோடு பொத்தான் தைக்கும் தோழியும் வந்திருந்தாள். அவசரத்துக்குப் போடும் ஊசியை எடுத்துக் காட்டினாள் நர்ஸ்.

“மயங்கிட்டீங்கன்னா நீங்களே போட்டுக்க முடியாது. கூட இருக்கறவங்க யாராச்சும் கத்துக்கணும். யாரு?”

“நான் இருக்கேன்ல” என்று கணவர் முன்னால் வந்து கையை நீட்டினார்.

அவள் ஊசியை வாங்கினாள். நீட்டிய கையைத் தாண்டிப் போய், தோழியின் உள்ளங்கையில் வைத்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.