உப்புத் தண்ணீர் மோலிகள்

அடையாறில் எட்டே வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தில் எல்லோரும் போர் தண்ணீரைத் திட்டுவார்கள். வாளியில் வெள்ளை படியும், ஷவர் அடைத்துக்கொள்ளும், தலையில் முடி தங்காது. கீழ்த்தளத்தில் தனியாக இருந்த ஸ்வர்ணலதா மட்டும் அந்தத் தண்ணீரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவள் வளர்த்த மோலி மீன்கள் அந்த உப்புத் தண்ணீரில்தான் சினைப்பட்டு, குட்டி போட்டு, சௌக்கியமாக இருந்தன.

அவளுக்குப் பூர்வீகம் சாத்தூர்ப் பக்கம். அண்ணன்கள் தி. நகரில் பாத்திரக் கடை போட்டபோது கல்லாவில் உட்கார அவளைக் கூட்டி வந்தார்கள். கல்யாணப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் ஆடித் தள்ளுபடியோ தீபாவளியோ குறுக்கே வந்து நிற்கும், பேச்சு தள்ளிப்போகும். அப்படித் தள்ளித் தள்ளியே அவள் வயசும் போய்விட்டது. பிறகு அண்ணன் பிள்ளைகள் தலையெடுத்தார்கள், கல்லாவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. "நீ உழைச்சதெல்லாம் போதும், ரெஸ்ட் எடு லதா" என்று பெரியண்ணன் இந்த வீட்டை வாங்கிக் கொடுத்தார். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? ஆனால் ரெஸ்ட் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை மனுஷ முகங்களாகப் பார்த்துப் பழகியவள் அவள். இந்த வீட்டில் அழைப்பு மணி அடித்தால் கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மீன் வந்ததும் அண்ணன் வீட்டிலிருந்துதான். பேரன் பிறந்தநாளுக்குப் போனவர்களுக்கெல்லாம் ரிட்டர்ன் கிஃப்ட் என்று பிளாஸ்டிக் டப்பாவில் ஆளுக்கு இரண்டு மோலி கொடுத்தார்கள். மற்றவர்கள் வீட்டில் அவை ஒரு வாரம் தாண்டியிருக்காது. இவள் வீட்டில் ஒன்று குட்டி போட்டது. போட்ட கொஞ்ச நாளில் செத்தும் போனது. சைதாப்பேட்டையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த அக்பர் பாஷாவிடம் போய்க் கேட்டாள். "ஆம்பள மீனு வுடாம தொரத்திக்கினே இருந்துருக்கும்மா. குட்டி போட்ட ஒடம்பு, எப்டித் தாங்கும்?" என்றார். அந்த ஆண் மீனைப் பிடித்து நாலு அறை விடலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அன்றிலிருந்து அவள் வீட்டில் தாய்மார்கள் ராஜ்யம். மூன்று பெண்ணுக்கு ஓர் ஆண், அதற்கு மேல் ஒன்றைச் சேர்க்க மாட்டாள். ஒருத்தியின் வயிறு உப்பத் தொடங்கியதுமே தனித்தொட்டிக்கு மாற்றிவிடுவாள். குட்டி போடும் நாள் நெருங்கி வயிறு சதுரமாகிவிட்ட பிறகு பிடித்து அலைக்கழித்தால் குட்டிகளைப் பாதியிலேயே போட்டுவிடும். தனித்தொட்டியில் குட்டிகள் ஒளிந்துகொள்ளப் பாசி, மேலே வெளிச்சம் படாமல் ஒரு துண்டு. குட்டி போட்ட கையோடு தாயைப் பிரித்து, ஆண் வாடையே இல்லாத தொட்டியில் மூன்று வாரம் ஓய்வு. பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்து மசித்துப் போடுவாள், கொசுப்புழு போடுவாள். வளர்ந்த குட்டிகளை அக்பர் பாஷா கடைக்கு எடுத்துக்கொண்டு, பதிலுக்கு மீன் தீனி கொடுப்பார். அவர் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதுதான் அவளுடைய மாதாந்திர உற்சவம்.

இப்படி இருக்கும்போதுதான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்ரீனிவாசராகவன் ஒரு தாளோடு வந்து நின்றார். உப்பை எடுக்கும் மிஷின் வைக்கப் போகிறார்கள், எட்டு வீட்டுக் கையெழுத்தும் வேண்டும்.

"எல்லாரும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"அந்தத் தண்ணியில என் மீனெல்லாம் செத்துப் போகும் சார்," என்றாள் ஸ்வர்ணலதா. அது பொய்யில்லை. உப்புச் சத்தில்லாத தண்ணீரில் மோலி நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டு நோயில் விழும். தாய் மீன்கள்தான் முதலில் விழும்.

மறுநாள் அவர் மனைவி கோமளத்தையும் அழைத்து வந்தார். "ஆத்துல பண்ணினது, சாப்பிட்டுண்டே பேசலாம்" என்று கோமளம் ரவா லட்டு டப்பாவைத் திறந்தாள். அடுத்த நாள் இரண்டாம் மாடிக்காரர்கள் வந்தார்கள். அதற்கடுத்து பிளம்பர் பிரபுவை அனுப்பிவைத்தார்கள். அவன் குழாயை ஒரு பார்வை பார்த்தான். "இது ஒரு மேட்டரா மேடம்? மிஷினுக்கு முன்னாடியே ஒரு பைப்ப பிரிச்சி உங்க வூட்டுக்கு வுட்டுடறேன். மீனுக்கு அதே தண்ணிதான்."

விஷயம் அங்கே முடிந்துவிட்டது. "சார்கிட்ட நானே சொல்லிக்கிறேன்பா" என்று அவனை அனுப்பினாள். சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா, பால்காரரிடம் இன்னொரு பாக்கெட் சேர்த்துப் போடச் சொன்னாள். சாயங்காலம் மணி அடிக்குமே, வருகிறவர்களுக்குக் காபி வேண்டாமா?

அதிகம் வந்தது மூன்றாம் மாடி பூஜாதான். ஐ.டி. கம்பெனி வேலை, வாடகைக்குத் தனியாக இருந்தாள். முதல் நாள் சீப்பில் வந்த முடியையே சாட்சிக்குக் கொண்டு வந்திருந்தாள். ஸ்வர்ணலதாவுக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. பிறகு பூஜா முடியை மறந்து தொட்டி முன்னால் உட்கார ஆரம்பித்தாள். ஒரு நாள் வெள்ளை மோலி குட்டி போட்டது.

"பயமா இருக்கு ஆன்ட்டி. ஆனா பாக்கணும் போலவும் இருக்கு."

"தள்ளி உக்காந்து பாரு. கிட்டப் போனா அது நிறுத்திக்கும்."

இரண்டு பேரும் துண்டின் ஓரத்தை லேசாகத் தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். கிளம்பும்போது பூஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே கையெழுத்துக்காக இல்ல ஆன்ட்டி, சும்மாவே வருவேன்."

அந்தப் பெண் மனசாரத்தான் சொன்னாள். ஸ்வர்ணலதாவும் மனசார நம்பினாள். மறுநாள் காலை தானே மாடியேறிப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

மிஷின் வந்தது. பிரபு சொன்னபடியே பைப்பைப் பிரித்துக் கொடுத்தான். மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. மணி அடிப்பதுதான் நின்றுவிட்டது. பூஜா இரண்டு தடவை வந்தாள். பிறகு ஷிஃப்ட் மாறிவிட்டது. ஸ்கூட்டரை எடுக்கும்போது, "கண்டிப்பா வரேன் ஆன்ட்டி" என்று கையசைப்பாள். முடி நன்றாகத்தான் வளர்ந்திருந்தது. யார் மேலாவது கோபப்பட முடிந்தாலாவது ஸ்வர்ணலதாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். காபி டிகாக்‌ஷன் மிஞ்சி மிஞ்சிப் போனது. பாலைப் பழையபடி ஒரு பாக்கெட்டாகக் குறைத்தாள்.

பொங்கலுக்கு முன்னால் வாட்ச்மேன் வேலு ஒரு தாளோடு வீடு வீடாகப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உள்ளே போய்ப் புடவையைத் திருத்திக்கொண்டு வந்தாள். அவன் அவள் வாசலைத் தாண்டி மாடிப்படிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"வேலு, என்ன தாளுப்பா அது?"

"பில்டிங்குக்கு பெயின்ட்டு அடிக்கறாங்கோ மேடம். பச்சை கலரு."

"பச்சையா? எனக்குச் சரிப்படல. யோசிச்சுத்தான் கையெழுத்துப் போடுவேன். சாரை வீட்டுக்கு வந்து பேசச் சொல்லு."

வேலு தலையைச் சொறிந்தான். "உங்களாண்ட கேக்கத் தேவையில்லன்னாரு மேடம். தண்ணி மிஷினு லேட்டாச்சுல்ல, அப்பாலே மீட்டிங் போட்டு ரூல்ஸ மாத்திட்டாங்கோ. அஞ்சு வூடு போட்டா போதுமாம். மேல ஒண்ணு வாங்கிட்டா அஞ்சு ஆயிடும்."

திருத்திய புடவைத் தலைப்பை அவள் இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பச்சை நல்ல கலர்தான்பா," என்றாள். "நான் சொன்னேன்னு சார்கிட்டச் சொல்லு."

வேலு சரியென்று தலையாட்டிவிட்டு மாடிப்படி ஏறினான்.