ஒரு குடத்துக்கு ஒரு எழுத்து

எங்கள் காலனியில் எல்லார் வீட்டிலும் போர் இருந்தது. எந்தப் போரிலும் குடிக்கிற தண்ணீர் இல்லை. பெருங்களத்தூர் பக்கம் மனை சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது தெரியவந்தது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காபி கரிக்கும்.

நல்ல தண்ணீர் இருந்தது ஒரே இடத்தில். காலனிக்குப் பின்னால், கீரைப் பாத்திகளுக்கு நடுவே, அக்காவின் கிணறு. அக்கா என்றால் எனக்கு மட்டுமில்லை, என் அம்மாவுக்கும் அக்காதான். அந்த ஊரின் பழைய குடும்பம். கணவர் இறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. கீரை விற்றுத்தான் ஜீவனம்.

காசு கொடுத்தால் வாங்கமாட்டார். "தண்ணிக்குப் போயி துட்டு வாங்குவாங்களாம்மா?" என்பார். அதற்காகச் சும்மாவும் தரமாட்டார். தையல் மிஷின் வைத்திருந்த வீடு ரவிக்கை தைத்துக் கொடுக்கும். ஃபிரிட்ஜ் வைத்திருந்த வீடு வெயில் காலத்தில் ஒரு சொம்பு ஐஸ் அனுப்பும். எங்கள் வீட்டிலிருந்து போனது காபிப்பொடி.

பண்டமாற்று என்ற சொல் எனக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் பழக்கம். நெல்லுக்கு உப்பு, பரீட்சையில் இரண்டு மார்க். கிணற்றடியில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. "இதுக்கு அது" என்பார்கள், அவ்வளவுதான். ஒத்துவந்தால் "கட்டும்", வராவிட்டால் "கட்டாது". எல்லாம் பேசி முடித்த பிறகு மேலே கொஞ்சம் கொசுறு. கொசுறு இல்லாமல் முடிந்த பேரம் அக்காவைப் பொறுத்தவரை முடியாத பேரம். நான் அப்போது காலேஜ் முதல் வருடம். ஷார்ட்ஹேண்டில் பாதி, இந்தியில் பாதி என்று எதையும் முடிக்காமல் ஓடிக்கொண்டிருந்த காலம். இந்தச் சொற்களையெல்லாம் கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

ஒருநாள் அக்கா காபிப்பொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது போதும். உனக்குப் படிக்கத் தெரியுமில்ல? எனுக்கு எழுத்து சொல்லிக் குடு. ஒரு கொடத்துக்கு ஒரு எழுத்து."

விஷயம் இதுதான். அக்காவின் கொழுந்தனார், கீரைப் பாத்தி போக மீதிக் குடும்ப நிலத்தை மனை போடுகிற ஒருவருக்கு விற்கப் பேசிவிட்டார். அக்காவும் கையெழுத்து வைத்தாக வேண்டும். கிணறும், கிணற்றுக்குப் போகிற பாதையும் அக்காவுக்கே என்று வாய்ப்பேச்சு. பத்திரத்தில் என்ன எழுதுவார்கள் என்பது அக்காவுக்குத் தெரியாது. கிணறு போனால் கீரை போச்சு, கீரை போனால் சோறு போச்சு. பதிவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

"நானே வந்து படிச்சுச் சொல்றேனே அக்கா."

"அல்லாரும் படிச்சுதான் பாப்பா சொல்றாங்கோ. அவுரு போனப்புறம் எத்தினி காயிதம். படிச்சாங்கோ, சொன்னாங்கோ, நானும் வெரலு வெச்சேன். இந்த ஒரு தபா என் கண்ணுல படணும்."

மறுநாளே முதல் பாடம். துவைக்கிற கல்தான் பலகை, அடுப்புக்கரிதான் பலப்பம். நான் பெரிதாக 'அ' எழுதினேன்.

"இது இன்னாது?"

"அ. அம்மா."

"அம்மாவ வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்? கெணறு எப்டி எழுதுவாங்கோ, அத்த எழுது."

எனக்குக் கோபம் வந்தது. வரிசையாகப் போனால்தானே நிற்கும் என்று அரைமணி நேரம் வாதாடினேன். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "எனுக்கு வேண்டியதக் குடுத்தாத்தான் கட்டும்" என்றார். கிணறு எழுதினேன். தினமும் நான் நாலு குடம் எடுப்பேன், நாலு எழுத்து. கிளம்பும்போது, "கொசுறு?" என்பார். ஐந்தாவதும் எழுதிக் காட்டிவிட்டு வருவேன். கிணறு, பாதை, கீரை, வீடு. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவிவிட்டு, பார்க்காமல் திரும்ப எழுதுவார். தப்பானால் தன் தலையிலேயே குட்டிக்கொள்வார். எனக்கு ஒரே பெருமை. நம்மால்தான் நடக்கிறது என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

பதிவு அன்று நானும் கூடப் போனேன். ஆபீஸ் வாசலில் ஒரு கொட்டகையில் பத்திரம் எழுதுகிறவர். கொழுந்தனார், வாங்குகிறவர், சாட்சிக்கு இரண்டு பேர். எழுதுகிறவர் மூச்சு விடாமல் படித்தார். பாதி எனக்கே புரியவில்லை. அக்கா கை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். பார்த்தார். முகம் செத்துப்போனது.

எட்டிப் பார்த்தபோதுதான் என் முட்டாள்தனம் உறைத்தது. நான் சொல்லிக் கொடுத்தது புத்தகத்து எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக, குண்டு குண்டாக. இது ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு சரிந்து ஓடுகிற பேனா எழுத்து. நான் குனிந்து படிக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

பிறகு பையிலிருந்து ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்து எழுதுகிறவர் மேஜையில் வைத்தார்.

"சார், எனுக்கு ஒரு கெணறு எழுதிக் குடு."

"கெணறா?"

"ஆமா. உன் கையால, இந்தத் துண்டுக் காயிதத்துல. சும்மா வேணாம், அதுக்குத்தான் கீரை."

சாட்சிகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தத் துண்டைப் பத்திரத்தின் மேல் வைத்து, வரி வரியாக நகர்த்தினார். துணிக்கடையில் ரவிக்கைத் துணியைப் புடவைக் கரையோடு வைத்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரல் நின்றது.

"இங்க கீது."

இருந்தது. மரம், கிணறு, பாதை எல்லாம் உட்பட என்று விற்கிறவற்றின் வரிசையில் இருந்தது.

கொழுந்தனாரின் முகம் வெளிறிவிட்டது. "அது வழக்கமா எழுதுறது அண்ணி. எல்லாப் பத்திரத்துலயும் வரும். சத்தியமா எனக்குத் தெரியாது." அவருக்கு நிஜமாகவே தெரியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"தெரியாட்டிப் போவுது. எடுத்துட்டு எழுதச் சொல்லு."

வாங்குகிறவர் அந்த வரியைத் தானும் ஒருமுறை படித்துப் பார்த்தார். "பேசினது பேசினபடியே இருக்கட்டும்" என்றார். கிணறும் பாதையும் நீங்கலாக என்று பக்கம் புதிதாக எழுதப்பட்டது. அக்கா தன் துண்டை வைத்து மறுபடி பார்த்து, 'நீங்கலாக' என்பதை மட்டும் என்னைப் படிக்கச் சொன்னார். அது நாங்கள் படித்திராத சொல்.

உள்ளே போனதும் குமாஸ்தா கேட்டார்: "கையெழுத்தா, கைநாட்டா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். கிணறு படித்தோம், பாதை படித்தோம், கீரைகூடப் படித்தோம். அக்காவின் பெயரை எழுதிக் கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா கேட்கவும் இல்லை. இடது கட்டைவிரலை நீட்டி, மை தடவி, வைத்துவிட்டு வந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அக்கா பக்கம் திரும்பினேன். "ஸாரிக்கா" என்றேன்.

"அட, வுடு பாப்பா. வெரலு வெச்சா இன்னா, கெணறு கீதில்ல?" என்றபடி கட்டைவிரல் மையை என் நோட்டு அட்டையில் துடைத்தார்.

மறுநாள் குடத்தோடு போகும்போது, இனிக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது, பழையபடி காபிப்பொடிதானா என்று யோசித்துக்கொண்டே போனேன். துவைக்கிற கல் கழுவிக் காய்ந்து கிடந்தது. மேலே கரித்துண்டு.

"என் பேருக்கு எத்தினி எழுத்து?" என்றார் அக்கா.

விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். "அஞ்சு."

"நாலு கொடம் தரேன்" என்று வாளியைக் கிணற்றில் இறக்கினார். "கடைசி எழுத்து கொசுறு."