காதுக்கு இரண்டு விரற்கடை

கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்தில் மீன் விற்றுப் பிழைத்த தையலம்மாளுக்கு ஒரே மகள் ஜெயா. வயது ஐந்து. கடலூர் ரோட்டில் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் நின்று, பஸ் பலகைகளைப் பார்த்தே எழுத்துக் கற்றுக்கொண்டவள். பக்கீர் முகமது கடைப் புளிப் பொட்டலத்தைப் பிரித்தால், அந்தக் காகிதத்தை அவள் படித்து முடிக்கும்வரை குழம்பு காத்திருக்க வேண்டும்.

இன்னும் ஒரு வருடம் வீட்டில் இருந்தால் இவள் தலையிலும் கூடை ஏறிவிடும் என்று தையலம்மாளுக்குப் பயம். அவளும் அப்படித்தான் கூடை தூக்கியவள்.

உள்ளூர்ப் பள்ளியில் பிறப்புச் சீட்டுக் கேட்டார்கள். பிரெஞ்சுக்காரன் போய் இரண்டு வருடம் ஆகியும், அவன் எழுதிவைத்த தேதி போகவில்லை.

"அஞ்சுதான் ஆவுது. அடுத்த வருசம் வா."

எல்லைக்கு அந்தப் பக்கம், மதராஸ் ராஜ்யத்து ஊர்ப் பள்ளியில் சீட்டெல்லாம் கேட்கமாட்டார்கள். வலது கை தலையைச் சுற்றி வந்து இடது காதைத் தொட்டால் ஆறு வயது, அவ்வளவுதான். ஜெயாவுக்கு இரண்டு விரற்கடை குறைந்தது. தையலம்மாள் பத்து நாள் மகளின் கைக்கு எண்ணெய் தேய்த்து, முருங்கைக் கிளையில் தொங்கவிட்டாள். கிளை ஒரு முழம் நீண்டது. கையும் கொஞ்சம் நீண்டு, வீட்டில் காதைத் தொட்டே விட்டது.

சேர்க்கிற நாளில், ஆசை ஆசையாக உச்சியில் கொண்டை போட்டு, கனகாம்பரம் சுற்றி அழைத்துப் போனாள். முண்டாசு கட்டிய தலைமையாசிரியர் கண்ணையன் முன்னால் கை எட்டவில்லை.

"இன்னாடி இது, வூட்டுல எட்டுச்சே!"

"அடுத்த வருசம் பாக்கலாம்மா," என்றார் அவர்.

ஜெயா அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க தொடுங்க."

சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். முண்டாசைத் தாண்டிக் காதுவரை வரவில்லை.

"ஒங்களுக்கும் ஆறு ஆவல," என்றவள் திரும்பினாள். "யம்மா, கொண்டைய அவுறு."

அவிழ்த்ததும் விரல் நுனி காதில் பட்டது. கண்ணையன் பதிவேட்டைத் திறந்தார்.

திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவளைப் புதன்கிழமை இரண்டாம் வகுப்புக்கும், வெள்ளிக்கிழமை மூன்றாம் வகுப்புக்கும் மாற்றினார்கள். சனிக்கிழமை லீவு வந்ததால் தலைமையாசிரியரின் நாற்காலி தப்பியது.

அதுமுதல் தையலம்மாள் அந்த ஊர்த் தெருக்களில்தான் மீன் விற்றாள். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது மட்டும் கூவமாட்டாள்.