ஜூலையில் சொல்லாத கதை

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், பாரிஸ் லா சப்பலில் நடந்தது இது. ரூ காய் தெருவில் புடவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் ஊர்ச்சங்கத்துக்கு ஒரு மண்டபம் உண்டு. மண்டபம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டால், அவர் மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்பது முன்வரிசைக்குத் தெரிந்துவிடும். அதன் மூலையில் என்னுடைய புத்தக அலுமாரி நின்றது. அன்றோடு அது போயிற்று. வருத்தமில்லை என்று எழுதினால் பொய். ஆனால் அதே நாள் திரும்பி வந்தாலும் அதையேதான் செய்வேன்.

நான் மன்னார்க் கரையில் பிறந்தவன். லா கூர்னெவ்வில் ஒரு சாமான் கிட்டங்கியின் அலுவலகத்தில் வேலை, திரான்சியில் வீடு. தலைக்கு வெளியே இழந்ததை உள்ளேயாவது நிரப்பலாம் என்று நம்பிப் புத்தகம் வாங்கும் வயது. ஒருநாள் பழைய புத்தகக் கடை வாசலில், மழை நனைத்த பெட்டிக்குள் ஒரு பிரெஞ்சுப் புத்தகம் அகப்பட்டது. பாசமக்குவாடி, அல்கோன்கின் என்ற வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதைகள். பாசமக்குவாடி மக்கள் அத்திலாந்திக் கரையோரத்தவர். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலான எல்லைக்கோட்டை யாரோ அவர்களைக் கேட்காமலே அவர்கள் மேலால் கீறிவிட்டுப் போயிருந்தார்கள். அல்கோன்கின் மக்கள் உள்நாட்டு ஆற்றங்கரைக்காரர். இரண்டு மொழிகளும் தூரத்துச் சொந்தம். பாசமக்குவாடி என்ற பெயரே, பொலக் என்ற மீனை ஈட்டியால் குத்திப் பிடிக்கும் இடத்தைச் சொல்வதாம். மீனை வைத்துத் தன்னை அறிமுகப்படுத்தும் சனம் மன்னாரானுக்கு எப்படி அந்நியமாகும்? போதாததற்கு அவர்களில் நிறையப் பேர் எங்களைப்போல வேதக்காரர், கத்தோலிக்கர். வெள்ளைக்காரர் செபத்தை மட்டும் அவர்களுடைய மொழியில் சொல்ல விட்டுவிட்டு, அதே மொழியைப் பள்ளிக்கூடத்தில் பேசினால் பிள்ளைகளை அடித்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு என்னைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அகராதி ஒன்று வாங்கினேன். மரப்பட்டையில் வள்ளம் கட்டுவது பற்றி ஒரு புத்தகம் வாங்கினேன். எனக்குத் தமிழ்ப் பலகையிலேயே ஆணி அடிக்கத் தெரியாது என்பது வேறு விசயம். வீட்டில் இடம் போதாமல் எல்லாம் சங்கத்து அலுமாரிக்குப் போயின. ரூ காயில் எனக்குச் செவ்விந்தியன் என்று பெயர் விழுந்தது. மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிவு செய்தால், "அண்ணை, அம்புக்கோ கறிக்கோ?" என்பார்கள்.

சங்கத் தலைவர் பாத்திரக் கடை வைத்திருப்பவர். என்னைவிட மூத்தவர், கெட்டவர் அல்ல, ஆனால் காலியான மூலையைக் கண்டால் நித்திரை வராது. அவருடைய கண் அலுமாரியில் இருந்தது.

"எங்கட பிள்ளையளுக்குத் தமிழ்க் கதையே ஏறுதில்லை. நீர் ஆரோ காட்டுச் சனத்தின்ரை கதையைக் கொண்டந்து அடுக்கிறீர்" என்றார்.

"எங்களையும் இஞ்சை சிலபேர் அப்பிடித்தான் சொல்லுகினம், அண்ணை."

அவருக்கு அது பிடிக்கவில்லை. யோசித்துவிட்டு ஒரு பந்தயம் வைத்தார். "ஒருக்கா மண்டபத்தை நிரப்பி, உந்தக் கதையைச் சனத்துக்குச் சொல்லிக் காட்டும். கேட்டுதுகள் எண்டால் அலுமாரி நிக்கட்டும். இல்லாட்டி அந்த இடத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி வரும்."

நான் அல்கோன்கின் கதை ஒன்றைத் தமிழாக்கினேன். நோட்டீஸ் அடித்து, ஆட்டிறைச்சி மலிவு விற்பனைக்கும் விமானச் சீட்டுக்கும் நடுவே கடைக் கண்ணாடிகளில் ஒட்டினேன். கீழே பிரெஞ்சிலும் ஒரு வரி போட்டேன். வடையும் குடிக்கப் பிளேன்ரீயும் உண்டு என்ற வரியை மட்டும் தடித்த எழுத்தில் அடித்தேன். எனக்கு என் சனத்தைத் தெரியும்.

அந்த ஞாயிறு தலை பிளக்கும் வெயில். நான் நேரத்தோடு போய்க் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தேன். படியேறி ஒரு பெண் வந்தாள். ஏறக்குறைய என் வயது, முதுகில் பயணப்பை, கையில் என் நோட்டீஸ். அவள் பேசிய பிரெஞ்சில் பாதி விளங்கவில்லை. இத்தனை வருடமாகியும் என் பிரெஞ்சு இவ்வளவுதானா என்று மனம் ஒடிந்தபோது, தான் கியூபெக்கிலிருந்து வருவதாகச் சொன்னாள். கனடாவின் அந்தப் பக்கத்துப் பிரெஞ்சு வேறு ராகம். மனம் நிமிர்ந்தது. தாதியாக வேலை, தங்கையோடு விடுமுறைக்கு வந்திருக்கிறாள், எதிர்க்கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் தன் இனத்தின் பெயரைக் கண்டிருக்கிறாள். அவள் அல்கோன்கின்.

"சுற்றிவர என்ன எழுதியிருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. நடுவில் நாங்கள்" என்று சிரித்தாள். "ஆட்டிறைச்சிக்குப் பக்கத்தில்."

எனக்குக் கால் நிலத்தில் இல்லை. அலுமாரியைத் திறந்து காட்டினேன். சொல்லப்போகும் கதை எது என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"நல்ல கதை. யாரும் சொல்லலாம், யாரும் கேட்கலாம். ஆனால் இன்றைக்கா சொல்லப்போகிறீர்கள்?"

"ஏன்?"

"எல்லா வீட்டிலும் எப்படி என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இந்தக் கதைகள் நிலத்தில் பனி கிடக்கும்போது மட்டும்தான். கோடையில் வாய் திறக்கமாட்டோம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் போலீஸ் இல்லை. கேட்டீர்கள், சொன்னேன்" என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. புத்தகத்தின் முன்னுரையைப் புரட்டினேன். இருந்தது. பனிக்காலத்தில் மட்டும் சொல்லப்படும் கதைகள் என்ற வரி இருந்தது. அதன் கீழே பென்சிலால் கோடு இருந்தது. பக்கத்தில் என் கையெழுத்தில் 'அழகு' என்றும் இருந்தது. படித்தவன் என்பதற்கு என்னிடம் உள்ள ஆதாரம் அந்த ஒரு சொல்தான்.

அதற்குள் சனம் வரத் தொடங்கிவிட்டது. வடையின் வாசம் அப்படி. கதிரைகள் நிரம்பி, ஆட்கள் சுவரோடு நின்றார்கள். தலைவரும் வந்து, தோற்ற பந்தயத்தை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மையோடு முன்வரிசையில் அமர்ந்தார். நான் வாசித்தால் போதும், அலுமாரி எனக்கு. நான் அவரை ஓரமாகக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன்.

"விசரே உமக்கு? எங்களுக்கு இருக்கிற கட்டுப்பாடு காணாதெண்டு கனடாவில இருந்தும் இறக்குமதி செய்யிறீரோ? வாசியும். ஆருக்குத் தெரியப்போகுது?"

அந்தக் கடைசி வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அதுவரை நான் இரண்டு மனமாகத்தான் நின்றேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் என் பெயர் நீளம் என்று பாதியை வெட்டினார்கள். அப்போதும், யாருக்குத் தெரியப்போகிறது என்பதுபோலத்தான் தோளைக் குலுக்கினார்கள். எனக்குத் தெரியும். என் பெயர் அது.

நான் ஒலிவாங்கிக்கு முன்னால் போய், இன்று கதை கிடையாது என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

மண்டபத்தில் கதிரைகள் கிறீச்சிட்டன. பிறகு எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். "இதுக்கோ நான் கடையைப் பூட்டிப்போட்டு வந்தனான்?" என்றது ஒரு குரல். "ஏசியைக் கூட்டி விடுங்கோ, பனி எண்டு நினைப்பம்" என்றது இன்னொன்று. நானே சிரித்துவிட்டேன். தலைவர் சிரிக்கவில்லை, எழுந்து நின்றார்.

"உது அவையின்ரை நாட்டு வழக்கம். இஞ்சை பாரிசில எங்களுக்கென்ன?"

"அண்ணை, எங்கட ஊரில தவக்காலத்தில யேசு பாடுபட்டதைப் பசாமாப் பாடி அழுறனாங்கள். பாலன் பிறந்த நத்தாரண்டு ஒருக்காப் பாடுங்கோ எண்டு ஆரும் கேட்டால் பாடுவமோ? நீங்கள் சைவம். மார்கழி விடியக்காலமை கோயிலில பாடுறதைச் சித்திரை வெயிலுக்கை பாடுவியளோ?"

"அது வேற. அது எங்கட."

"ஓம். இது அவையின்ரை."

என் வாழ்க்கையில் சரியான நேரத்தில் சரியான பதில் வாயில் வந்தது அந்த ஒருமுறைதான். வழக்கமாக அது வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் வரும்.

பாதிப் பேர் போய்விட்டார்கள், வடையோடு. மிச்சப் பேருக்கு மொழியைப் பற்றியும், மீன் குத்தும் சனத்தைப் பற்றியும், மரப்பட்டை வள்ளத்தைப் பற்றியும் சொன்னேன். அந்தப் பெண்ணை ஒருவர் சோதிப்பதுபோல, "மடாம், உங்கடை ஊரில எவ்வளவு பனி கொட்டும்?" என்று பிரெஞ்சில் கேட்டார். அவள் எழுந்து நின்று தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினாள். போகும்போது தன் தொலைபேசி எண்ணைத் தந்து, "பனி விழுந்தால் எனக்கும் சொல்லுங்கள்" என்றாள்.

தலைவர் சுருக்கமாக முடித்தார். "சனம் கதைக்கெண்டு வந்தது. கதை இல்லாட்டி அலுமாரியும் இல்லை."

அந்தக் கிழமையே புத்தகங்களைச் சந்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கார் டு நோர்ட் நிலையத்தில் படியால் இறக்கி, RER ரயிலில் திரான்சிக்குக் கொண்டுவந்தேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கியபோது மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பனிக்கு மட்டுந்தான் சொல்லலாமோ? அப்ப மிச்ச மாதமெல்லாம் நீங்கள் வாயை மூடியிருப்பியள். நல்ல புத்தகங்கள். இன்னும் ரெண்டு வாங்குங்கோ."

அந்தக் குளிர்காலம் முழுக்க மழை. ரூ காயில் என்னைக் கண்டவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். மரக்கறிக் கடைக்காரர் மிளகாய் நிறுக்கும்போது, "இண்டைக்கும் இல்லைப் போல" என்பார். ஒரு கதைக்காக இத்தனை பேர் இத்தனை மாதம் காத்திருந்து நான் கண்டதில்லை. ஜூலையில் வாசித்திருந்தால் ஓகஸ்டில் மறந்திருப்பார்கள்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. தலைவர்.

"யன்னலைத் திறந்து பாரும்."

திறந்தேன். வெள்ளை.

"மண்டபத்துப் பூட்டின்ரை திறப்பு என்னட்டை இருக்கு. சனம் கேக்குது. வாறீரோ?"

இரண்டு விரல் பனி விழுந்தாலே இந்த நகரத்து ரயில்களுக்கு நெஞ்சுவலி வந்துவிடும். RER நின்றிருந்தது. பஸ் இல்லை. நான் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, லா கூர்னெவ் வரை நடந்து, நிலத்துக்கடியில் ஓடுவதால் பனியை அறியாத மெட்ரோவைப் பிடித்துப் போனேன். வழியில் இரண்டு தடவை விழுந்தேன். புத்தகம் நனையவில்லை. மண்டப வாசலில் நின்று, தெருவில் கிடந்த பனியைப் படமெடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "இதையா பனி என்கிறீர்கள்? பரவாயில்லை, சொல்லுங்கள்."

வடை இல்லை. பிளேன்ரீ இல்லை. ஹீட்டரும் வேலை செய்யவில்லை. நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள் குளிரங்கியோடு நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். என் அலுமாரி நின்ற மூலையில் ஸ்பீக்கர் பெட்டி நின்றது. அது இன்றும் அங்கேதான் நிற்கிறது. தலைவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, "இனித் தொடங்கும்" என்றார்.

தொடங்கினேன்.

அது என்ன கதை என்று நீங்கள் கேட்பீர்கள். இதை நான் எழுதுவது மே மாதத்தில், யன்னலுக்கு வெளியே நல்ல வெயில். இன்னொருவர் கதைக்கு என்னால் கொடுக்க முடிந்த மரியாதை வாயை மூடுவதுதான் என்றால், ஒரு அலுமாரி போனாலும், நீங்கள் கோபித்தாலும், பனி விழும்வரை அதை மூடித்தான் வைத்திருப்பேன்.