குரங்கு தெரிந்தால் பை உங்களுடையது

போன வருடம் ஆடிச் சாரலில், குற்றாலம் பேரருவிக்குப் போகிற பாதையில் இருக்கும் எங்கள் கடையில் நடந்தது இது. துண்டு, அரைக்கால் சட்டை, சோப்பு, சீயக்காய் விற்கிற சின்னக் கடை. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடையில் பேச்செல்லாம் என் மனைவிதான். வருகிற ஆளின் இடுப்பை ஒரு பார்வை பார்த்து, அளவான கால்சட்டையை உருவிக் கொடுப்பது மட்டும் என் வேலை. இதை எழுதச் சொல்லி முடுக்கியதும் அவள்தான்.

அதற்கு முந்தின சீசனில் நடந்ததைச் சொன்னால்தான் இது புரியும்.

குளிக்க வருகிறவர்கள் பையையும் செல்போனையும் எங்களைப் போன்ற கடைகளில் கொடுத்துவிட்டுப் போவார்கள். நம்பர் எழுதிய பிளாஸ்டிக் டோக்கன் ஒன்றை அவர்களிடம் கொடுத்து, அதே நம்பரைப் பையில் கட்டி வைப்போம். இதற்கென்று தனியாக ஒன்றும் வாங்குவதில்லை. ஆனால் பை வைக்க வந்தவர் துண்டும் சோப்பும் வாங்குவார், அதுதான் எங்களுக்கு வியாபாரம்.

அந்தச் சீசனில் ஒருநாள், மாணவிகளோடு வந்த ஒரு கல்லூரிப் பேராசிரியை பையைக் கொடுத்துவிட்டு அருவிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் அதே நம்பர் டோக்கனோடு வந்து, மனைவியின் பை என்று சொல்லி வாங்கிப் போய்விட்டார். பிறகு அந்த அம்மா ஈரத்தோடு வந்து டோக்கனை நீட்டினார். என் கையில் ஒரே நம்பரில் இரண்டு சிவப்பு டோக்கன்கள். தென்காசியில் எந்தக் கடையிலும் கிடைக்கிற டோக்கன்தான், மேலே நம்பர் எழுத ஒரு பேனா போதும்.

கூட்டம் கூடிவிட்டது. பக்கத்தில் எண்ணெய் தேய்க்கிற கடைக்காரர், எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார், "கூட்டு இல்லாம இது நடக்குமா? ஆளு பேசமாட்டாருல்லா, அதான் ஒண்ணும் வெளிய வராது." எனக்குக் கண்ணீர் வந்ததே தவிர வார்த்தை வரவில்லை. புறக்காவல் நிலையத்திலிருந்து வந்த போலீஸ்காரர், இன்னொரு புகார் வந்தால் இந்தக் கடையில் பையே வாங்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

பறிகொடுத்த அந்த அம்மா மட்டும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பையில் செல்போனோடு அவருடைய ஆராய்ச்சிக் கணக்குகள் இருந்த டிஸ்க்கும் போயிருந்தது. ஒரு நிமிடம் முகம் வெளுத்தது. "நல்ல வேளை, காப்பி காலேஜ்ல இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேன் வரும்வரை எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் கால்சட்டை எடுத்துக் கொடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஆளப் பார்த்ததும் எப்படி அளவு சொல்லுதீங்க?"

நான் சிரித்து வைத்தேன். "அவுகளுக்கு அது மட்டுந்தான் தெரியும்" என்றாள் என் மனைவி.

"நான் கம்ப்யூட்டர்ல செய்யுற வேலையும் இதுதான்" என்றார் அந்த அம்மா. நோயை உண்டாக்குகிற கிருமிக்குள் சின்னப் பள்ளம் ஒன்று இருக்குமாம். அந்தப் பள்ளத்தில் கச்சிதமாகப் போய் உட்காருகிற பொருள்தான் மருந்தாகும். ஒவ்வொன்றாகச் சோதனைக் கூடத்தில் செய்து பார்த்தால் ஆயுசு போதாது. அதனால் கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கான பொருட்களை அந்தப் பள்ளத்தில் போட்டுப் பார்த்து, உட்காராததையெல்லாம் தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் எடுத்துக் கொடுக்குமாம். மருந்து கண்டுபிடிப்பது இவ்வளவு புரிகிற விஷயமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

போகும்போது, "எனக்கு இன்னொரு ஆராய்ச்சியும் உண்டு. அது உங்களுக்கு உதவும். மறக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாய்வார்த்தை என்றுதான் நினைத்தோம்.

அந்தச் சீசன் முழுக்க எங்கள் கடைக்குப் பை வரவில்லை. மற்ற கடைக்காரர்களே ஆட்களை, "அங்கன வேண்டாம், இங்கன வைங்க" என்று திருப்பிவிட்டார்கள். மனைவி ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டாள், "அடுத்த சீசன்லயும் இப்படியே இருந்துச்சுன்னா கடையைக் குடுத்துட்டு செங்கோட்டைக்குப் போயிருவோம். எங்க அண்ணன் கடையில நின்னாலும் திருட்டுப் பட்டம் இருக்காதுல்லா."

அடுத்த சீசன் தொடங்குமுன் அந்த அம்மா உண்மையிலேயே வந்தார். கையில் ஒரு பெட்டி. உள்ளே சீட்டுக்கட்டு அளவில், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்கள். எல்லாவற்றிலும் கறுப்புப் புள்ளிகள், மணலை அள்ளித் தூவியது போல. மேலே இரண்டு துளைகள். நடுவில் ஓட்டை போட்ட ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்துக்கொண்டு வரச் சொன்னார். ஒரு தாளை ஆணியில் மாட்டினார், வெறும் புள்ளி. அதன்மேல் அதன் ஜோடித் தாளை மாட்டி, பலகையிலிருந்த ஓட்டை வழியே வெளிச்சம் வருகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது!

"ஐயோ, குற்றாலத்துக் குரங்கே தான்!" என்று என் மனைவி கத்தியே விட்டாள்.

ஒரு படத்தை இரண்டு தாளாகப் பிரித்து ஒளித்து வைக்கிற வித்தையாம் அது. ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் தேடினாலும் உள்ளே இருப்பது தெரியாது. ஒவ்வொரு ஜோடிக்கும் புள்ளிகள் வேறு வேறு. வேறு ஜோடியின் தாளை வைத்தால் குரங்கு வராது. ஒரு தாளைப் பையில் கட்ட வேண்டும், ஜோடியை ஆளிடம் கொடுக்க வேண்டும். மேலே ஒட்டுகிற நம்பர், பையைத் தேடி எடுக்க மட்டும்.

"இதைப் படிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம் அண்ணாச்சி. கண்ணு இருந்தாப் போதும்."

அப்போது நான் வாய் திறந்து, "இதுக்கும் மருந்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் சிரித்தார். "சம்பந்தம் இல்லதான். ஆனா ரெண்டுலயும் நான் பாக்குறது ஒண்ணுதான். எதுக்கு மேல எது சரியா உட்காருதுன்னு."

எண்ணெய்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னவே இது, கொசுக்கடி மாதிரி புள்ளி புள்ளியா? இதைக் காட்டுனா பை வந்துருமோ?"

"கொசு கடிச்சா உமக்கும் சொல்லியனுப்புதோம்" என்றாள் என் மனைவி.

முதலில் பிள்ளைகள்தான் வந்தார்கள். குரங்கைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து, பெற்றோரின் பையை எங்கள் கடையில் வைக்க வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் திரும்பியது.

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. அருவியில் நல்ல தண்ணீர், பாதை முழுக்கத் தலைகள். கடையநல்லூரிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்து பெரிய தோல் பையை வைத்தார். மறுநாள் துபாய்க்கு விமானம், பாஸ்போர்ட் உள்ளே இருக்கிறது, அறை கிடைக்கவில்லை, பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னாலேயே வெள்ளைச் சட்டையில் ஒருவர் ஒரு துணிப்பையைக் கொடுத்துத் தாள் வாங்கிக்கொண்டார்.

சற்று நேரத்தில் அந்த வெள்ளைச் சட்டை திரும்பி வந்தார். சட்டை நனையவே இல்லை. தாளை நீட்டினார். அதில் தோல் பையின் நம்பர் இருந்தது. "அந்த லெதர் பேக் எடுங்க. மச்சான் வாங்கிட்டு வரச் சொன்னாரு."

பையில் கட்டியிருந்த தாளைப் பலகையில் மாட்டி, அதன்மேல் அவருடையதை மாட்டினேன். புள்ளி மட்டும்தான். கழற்றி மறுபடி மாட்டினேன். புள்ளி.

"என்னய்யா விளையாட்டு காட்டுற? நம்பர் சரியா இருக்குல்ல?" என்று கத்த ஆரம்பித்தார். "நான் யார்னு தெரியுமா? போலீஸைக் கூப்பிடட்டுமா?" போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். எனக்குப் பழையபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. மனைவி என் காதருகே, "ஏங்க, வாயத் தொறந்து ஏதாவது சொல்லுங்க" என்றாள். பை என் காலடியில் இருந்தது. அதைக் கொடுத்தால் சத்தம் அடங்கிவிடும். ஒரு மனுஷனின் பிழைப்பும் அதோடு போய்விடும், எங்கள் கடையும் போய்விடும்.

வாய் வரவில்லை. ஆனால் கை வந்தது. பலகையை என் தலைக்குமேல் தூக்கி, எல்லாருக்கும் தெரியும்படி வெளிச்சத்தில் பிடித்தேன்.

முன்னால் நின்ற ஒரு சிறுமி, காலையில் குரங்கு பார்த்தவள், "குரங்கே இல்ல! இவுக பை இல்ல!" என்று கத்தினாள்.

அந்தச் சத்தத்துக்குக் கடையநல்லூர்க்காரர் துண்டோடு ஓடி வந்தார். மணிக்கட்டில் கட்டியிருந்த தாளை அவிழ்த்துக் கொடுத்தார். மற்றதைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, மறுபடி உயர்த்தினேன். வாலைச் சுருட்டிக்கொண்டு குரங்கு வந்து உட்கார்ந்தது. பாதையே ஆரவாரம் செய்தது. வெள்ளைச் சட்டை நழுவப் பார்த்தபோது, ஓடிப்போய் எண்ணெய்க் கையால் பிடித்தது யார் தெரியுமா? பக்கத்துக் கடைக்காரர்தான்.

அதே போலீஸ்காரர் வந்து, அந்த ஆள் எங்களிடம் வைத்திருந்த துணிப்பையைப் பிரித்தார். பழைய துணிக்கு அடியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று எல்லாக் கடை டோக்கன்களும் இருந்தன. எங்கள் தாளின் நம்பரை மாற்றி எழுதிய பேனா அவர் சட்டைப்பையில் இருந்தது. போலீஸ்காரர் ஒரு சிவப்பு டோக்கனை எடுத்து, முந்தின வருடத்துப் புகாரை நினைத்தாரோ என்னவோ, என் தோளில் கை வைத்தார். அந்த ஒரு தொடுதலில் ஒரு வருடத்துப் பாரம் இறங்கியது.

எண்ணெய்க் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "வே, அந்தக் கொசுக்கடி சீட்டு நமக்கும் கிடைக்குமா?"

"கொசுகிட்டதான் கேக்கணும்" என்றாள் என் மனைவி. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. உடனே பேராசிரியைக்குப் போன் போட்டு, நடந்ததையெல்லாம் நானே, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மாணவிகளையும் கூப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன்.

இந்தச் சீசனில் அவர் குடும்பத்தோடு வந்தார். பையைக் கொடுத்தார், தாளை வாங்கிக்கொண்டார், குளித்துவிட்டு வந்து பைக்குக் கை நீட்டினார். நான் பலகையைக் காட்டினேன்.

"என்னைத் தெரியாதா அண்ணாச்சி?"

"எனக்குத் தெரியும்மா. குரங்குக்குத் தெரியணுமே."

கடையே சிரித்தது. தாளை மாட்டினார், குரங்கு வந்தது, பையைக் கொடுத்தேன். ஆராய்ச்சி, பெரிய படிப்பு என்றாலே நமக்கு எட்டாதது என்று ஒதுங்கி நின்றவன் நான். இப்போது அந்தப் பலகையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும், ஆளைப் பார்த்து நான் கால்சட்டை எடுத்துக் கொடுப்பதுபோல, அந்த அம்மா என்னைப் பார்த்துத் தன் படிப்பிலிருந்து என் அளவுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்ததுதான் நினைவுக்கு வருகிறது.