அக்காவுக்கு நான் எடுத்த அரக்குச் சேலை

எங்கள் அக்கா முசிறிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா அம்மாவுக்கு நாங்கள் இருவர்தான். அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் இல்லை. மாமா டிராக்டர் கவிழ்ந்து இறந்தார். அன்றே பொட்டை அழித்து, வெள்ளைச் சேலை உடுத்திவிட்டார்கள்.

பிறகு அக்கா எதிரே வந்தால் ஊரார் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதனால் ஊர் எழுவதற்கு முன்பே வயலுக்குப் போய்விடுவார். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில், பெண் அழைப்பு முடியட்டும் என்று அக்காவைச் சாமான் அறையில் விட்டு வெளியே தாழ் போட்டார்கள். மறந்தும் விட்டார்கள். கடைசிப் பந்தி முடிந்து அண்டா வைக்கப் போனபோதுதான் திறந்தார்கள். அக்கா தண்ணீர் கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் திருச்சி பஸ் ஏறிவிட்டார்.

முதலில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. "நாங்க வெளியே கிளம்பும்போது முன்னால வராதே" என்றார் அந்த வீட்டு அம்மா. "இதுக்கு ஊரே தேவல, பஸ் காசாவது மிச்சம்" என்று சொல்லிவிட்டு அக்கா திருச்சியிலேயே தென்னூருக்கு வந்தார். ஒரு மெஸ்ஸில் வேலை, ஒற்றை அறை.

பக்கத்து வீட்டு மேரி அம்மாவும் கணவரை இழந்தவர். ஞாயிற்றுக்கிழமை நீலப் பட்டு கட்டிக் கோயிலுக்குப் போவார்.

"உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று அக்கா கேட்டாராம்.

"சொல்ல எவனுக்கு நேரம் இருக்கு? தண்ணி லாரி வந்துருச்சு, குடத்த எடுங்க."

அந்த வாரம் அக்கா பொட்டு வைத்தார். தெருவில் யாரும் கேட்கவில்லை. அக்காவுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கடைசியில் சிறுநீரகம் கெட்டுப் படுத்தார். எங்கள் பக்கம் பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போட வேண்டும். அது என் கடமை. அக்கா என்னிடம், "கலர்ல எடுடா தம்பி. வெள்ள கொண்டாந்தே, எந்திரிச்சு உக்காந்துருவேன்" என்றார்.

அக்கா இறந்ததும் அரக்கு நிறத்தில் எடுத்தேன். மேரி அம்மா அதை அக்காவுக்கு உடுத்திவிட்டுப் பொட்டும் வைத்தார். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள்.

"அறுத்தவளுக்கு எவன்டா கலர்ல கோடி போடுவான்?" என்றார் சித்தப்பா. "என் பேத்திய நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் என்ன பேசுவான்?"

"அக்கா கேட்டுச்சு சித்தப்பா."

"செத்தவளுக்கு என்னடா கேள்வி."

ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தார்கள். சேலையை உருவி வாசலில் போட்டார்கள். தடுக்கப் போன என்னை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளை கையோடு கொண்டுவந்திருந்தார்கள். போர்த்தினார்கள். அக்கா எழுந்து உட்காரவில்லை.

படுத்திருந்த நாளெல்லாம் பார்த்துக்கொண்ட மேரி அம்மாவுக்கும், சம்பளம் நிறுத்தாத மெஸ்காரருக்கும், தெருக்காரர்களுக்கும் நன்றி. ஊரிலிருந்து வேன் வைத்து வந்தவர்களே, வந்தீர்கள். அதற்கு நன்றி.

ஆண்டு நினைவுக்கு இந்த மலரை அச்சடிக்கப் போகிறேன் என்றதும் சித்தப்பா போன் செய்தார். வெள்ளைச் சேலைப் படம் போடச் சொன்னார். அப்படிப் படம் இல்லை என்றேன். "அப்ப பொட்டையாவது அழிச்சுரு. கம்ப்யூட்டர்ல செய்வாங்களாம்" என்றார்.

அட்டையில் இருப்பது அக்கா தென்னூரில் இருந்தபடி. பொட்டு இருக்கிறது. சித்தப்பா வீட்டுக்கும் ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன். துடைத்துப் பார்க்கட்டும்.

தம்பி